வேகமா, முன்னேற்பாடா? விநியோகச் சங்கிலிச் சான்று ஒன்றின் மறுவாசிப்பு

2000 மார்ச் 17 அன்று அமெரிக்காவின் அல்புகெர்க்கியிலுள்ள பிலிப்ஸ் சில்லு ஆலையில் மின்னலால் எழுந்த தீ சில நிமிடங்களில் அணைக்கப்பட்டது. எனினும் தூய்மை அறைகள் மாசுற்று உற்பத்தி தடைப்பட்டது. நோக்கியா விரைந்து மீண்டதையும் எரிக்சன் பேரிழப்புற்றதையும் மேலாண்மை நூல்கள் செயல்விரைவுக்குச் சான்றாகக் காட்டுகின்றன.

இவ்வாசிப்பு குறையுடையது. சிக்கனம் கருதி மாற்று வழங்குநர்களை எரிக்சன் முன்னரே கைவிட்டிருந்தது. நோக்கியாவுக்கோ நாடுவதற்கு வேறு வழங்குநர்கள் இருந்தனர். எனவே வேறுபாட்டின் வேர் நெருக்கடிநேர வேகத்தில் மட்டுமன்று, அதற்கு முந்தைய கொள்முதல் முடிவுகளிலும் உள்ளது.

மேலும், அதே நோக்கியா திறன்பேசிச் சந்தையில் பின்தங்கி, 2014இல் தன் கைப்பேசிப் பிரிவை மைக்ரோசாஃப்டிடம் ஒப்படைத்தது. விநியோக நெகிழ்திறன் வணிக உத்தியின் நெகிழ்திறனுக்கு உறுதியளிப்பதில்லை. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்கும் ஆய்வுகள் மறுபரிசீலனைக்குரியன.