பூச்சியமாம் நாளின் அழகு

1992ஆம் ஆண்டு வெளிவந்த மைக்ரோசாஃப்ட் அக்சஸ் என்னும் மேசைக்கணினித் தரவுத்தளத்தில் வருங்காலத் தேதியைக் கணக்கிட எழுதப்படும் கோவை, அதாவது தரவுப் புலங்களையும் சார்புகளையும் எண்களையும் இணைத்து ஒரே விடையைத் தரும் வாய்பாடு, பெரும்பாலும் ஒரு வரியில் அடங்கிவிடும். அந்த ஒரு வரிக்குள் நாள்காட்டியின் சீரின்மை முழுவதையும் அடக்கிக் காட்டுவதே இக்கலையின் நுட்பம்.

அக்சஸ் ஒவ்வொரு தேதியையும் 1899 டிசம்பர் 30ஐப் பூச்சியமாகக் கொண்டு எண்ணப்பட்ட ஓர் எண்ணாகச் சேமிக்கிறது. அதன் முழுப்பகுதி நாளையும் பின்னப்பகுதி நேரத்தையும் குறிப்பதால், 0.5 என்பது நண்பகலாகிறது. எனவே, இரவல் கொடுத்த நூல் 14 நாள்களில் திரும்ப வேண்டுமெனில், கொடுத்த தேதியோடு 14ஐக் கூட்டினாலே போதும். ஆனால் மாதம் 28 முதல் 31 நாள்கள் வரை மாறும் அளவாதலால், அதைக் கூட்டுவதற்கு வெறும் கூட்டல் போதாது.

இதற்கு இரு சார்புகள் உள்ளன. அலகு, எண்ணிக்கை, தொடக்கத் தேதி ஆகிய மூன்றையும் பெறும் டேட்ஆட், 2025 ஜனவரி 31உடன் ஒரு மாதத்தைக் கூட்டும்போது, இல்லாத பிப்ரவரி 31ஐத் தவிர்த்து பிப்ரவரி 28இல் நின்றுவிடுகிறது. ஆண்டு, மாதம், நாள் என்ற மூன்று எண்களிலிருந்து தேதியை அமைக்கும் டேட்சீரியலோ, 2025இன் பிப்ரவரி 31 கேட்கப்பட்டால், மிஞ்சிய நாள்களை அடுத்த மாதத்துக்குத் தள்ளி மார்ச் 3 என விடையளிக்கிறது.

இந்தத் தாராளத்திலிருந்துதான் இக்கலையின் மிக அழகிய கோவை பிறக்கிறது. அடுத்த மாதத்தின் பூச்சியமாம் நாளைக் கேட்டால், முதல் நாளுக்கு முந்தைய நாளாகிய நடப்பு மாதத்தின் கடைசி நாள் கிடைக்கிறது. நெட்டாண்டுக்கு எனத் தனி நிபந்தனை தேவையில்லை, டிசம்பரை அடுத்து வரும் 13ஆம் மாதமும் மறு ஆண்டின் ஜனவரியாகத் தானே மாறிக்கொள்கிறது.

கோவையின் தரத்தைத் தவணைக் கணக்கு தெளிவாகக் காட்டும். ஜனவரி 31இல் தொடங்கிய கடனுக்கு முந்தைய தவணைத் தேதியோடு ஒவ்வொரு மாதமாகக் கூட்டிச் சென்றால், பிப்ரவரி 28இல் குறைந்த நாள் பிறகு மீளாமல் மார்ச் 28, ஏப்ரல் 28 என்றே தொடரும். தொடக்கத் தேதியோடு இரண்டு, மூன்று என மாதங்களைக் கூட்டினாலோ மார்ச் 31, ஏப்ரல் 30 என ஒவ்வொரு தவணையும் தன் மாதத்தின் கடைசி நாளில் சரியாக அமையும். இரண்டும் ஒரே சார்பால் எழுதப்பட்டவையே. எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்ற தேர்விலேயே கைதேர்ந்தவரின் கோவை வேறுபட்டு நிற்கிறது.