சுரங்கத்துக் கறுப்பும் வெளி வெயிலும்

இலங்கையில் எல்லயிலிருந்து பதுளைக்கு இறங்கும் ரயில் தெமோதரையில் ஒரு வேடிக்கை காட்டும். நிலையத்தை விட்டுப் புறப்பட்டு, மலையை ஒரு சுற்றுச் சுற்றி, அதே நிலையத்துக்கு அடியில் குடைந்திருக்கும் சுரங்கத்துக்குள் நுழையும். 1924இல் தண்டவாளம் பதுளையைத் தொட்டதிலிருந்து இன்றுவரை ஜன்னலோரத்தில் உட்காருபவருக்கு இரண்டு அனுபவம் நிச்சயம். உள்ளே போனதும் எதுவும் தெரியாத சில நொடிகள். வெளியே வந்ததும் தேயிலைச் சரிவின் வெயில் கண்ணைக் கூசவைக்கும் சில நொடிகள். கேம் விளையாட டீவி தேடுபவர் கடைக்காரரிடம் கேட்கவேண்டியதில் பாதி இந்தச் சில நொடிகளுக்குள்ளேயே இருக்கிறது.

2022இல் வந்த கிரான் டூரிஸ்மோ 7 கார்ப் பந்தய விளையாட்டில் டிரையல் மவுன்டன் என்றொரு கற்பனைப் பாதை உண்டு. வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலை, மரங்கள், நடுநடுவே பாறையைக் குடைந்த சுரங்கங்கள். அந்த ரயில் ஓடும் ஊவாவில் வளர்ந்த பையனுக்கு அந்தச் சாலை அந்நியமாகத் தோன்ற வாய்ப்பில்லை. ஓஎல்இடி, எல்சிடி என்ற இரு வகைத் திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அதைவிடப் பொருத்தமான இடமும் இல்லை.

முதலில் சுரங்கத்துக்குள். ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானாக ஒளிர்கிறது. ஒரு 4கே திரையில் அப்படி ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகள். கறுப்பு வேண்டிய இடத்தில் புள்ளி முழுவதுமாக அணைந்துவிடும். முன்னால் போகும் காரின் இரண்டு சிவப்பு விளக்குகளும் ஓரங்கள் மழுங்காமல் இருளுக்குள் நிற்கும். எல்சிடியின் கதை வேறு. அங்கே பின்புறம் ஒரு விளக்கு எந்நேரமும் எரிகிறது. திரவப் படிகம் அந்த ஒளியைத் தடுக்கலாமே தவிர, முழுவதுமாக அடைக்க அதனால் முடியாது. காம்பராக் கதவைச் சாத்திய பிறகும் நிலைக்கு அடியில் கசியும் வெளிச்சம்போல் கொஞ்சம் வந்துகொண்டே இருக்கும். ஐபிஎஸ் வகைப் பலகையில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் சுமார் ஆயிரத்துக்கு ஒன்று. விஏ வகையில் மூவாயிரம், ஐயாயிரம் வரை போகும். இரவில் விளக்கணைத்துப் பார்த்தால் முன்னதன் கறுப்பு சாம்பலாகத் தெரியும்.

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் மினி எல்இடி. பின்விளக்கைச் சில நூறு, சில ஆயிரம் பகுதிகளாகப் பிரித்து, இருண்ட பகுதிகளை மட்டும் அணைக்கும் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 83 இலட்சம் புள்ளிகளை ஆயிரம் விளக்குகள் ஆளும்போது ஒவ்வொரு விளக்கின் கீழும் எட்டாயிரம் புள்ளிகள் வந்துவிடுகின்றன. அதனால் அந்தச் சிவப்பு விளக்குகளைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் படரும். கேம் மோடில் போட்டால் சில டீவிகளில் இந்த வட்டம் இன்னும் பெருக்கும். வேகத்துக்காகக் கணக்கீட்டைக் குறைத்துக்கொள்வதன் விளைவு அது.

இப்போது கார் சுரங்கத்தை விட்டு வெளியே வரட்டும். வானமும் சாலையும் சேர்ந்து திரை முழுக்க வெளிச்சம். இங்கே ஓஎல்இடி பின்வாங்குகிறது. சிறு பரப்பில் ஆயிரம் நிட் ஒளிர்வு காட்டக்கூடிய திரையும், முழுப்பரப்பும் வெண்மையானால் மின்சாரத்தையும் வெப்பத்தையும் கட்டுப்படுத்த இருநூறை ஒட்டி இறங்கிவிடும். நல்ல மினி எல்இடி டீவி முழுத்திரையிலும் ஐந்நூறு, அறுநூறு நிட்டைத் தாங்கிப் பிடிக்கும். கண் இடுங்கவேண்டிய இடத்தில் உண்மையிலேயே இடுங்கவைப்பது எல்சிடிதான். ஓஎல்இடி ரசிகர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள்.

எல்சிடியைப் பழைய சரக்கு என்று ஒதுக்குபவர்களுக்கு அதன் பரம்பரை தெரிந்திருக்க நியாயமில்லை. திரவப் படிகத்தை ஃபிரீட்ரிக் ரைனிட்சர் பிராகாவில் கண்டது 1888இல். திருச்சிராப்பள்ளியில் சி. வி. ராமன் பிறந்ததும் அதே ஆண்டுதான். தற்செயல்தான், ஆனாலும் ராமனின் குடும்பம் இந்தக் கதைக்குள் பிறகு உண்மையாகவே வருகிறது. அவருடைய சகோதரியின் மகன் எஸ். சந்திரசேகர், பெங்களூரின் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் 1977இல் சதாசிவா, சுரேஷ் ஆகியோருடன் சேர்ந்து தட்டு வடிவ மூலக்கூறுகளாலும் திரவப் படிகம் உண்டாகும் என்று காட்டினார். அதுவரை கோல் வடிவ மூலக்கூறுகளே அறியப்பட்டிருந்தன. அந்தத் தட்டு மூலக்கூறுகளைக் கொண்டு ஜப்பானின் ஃபுஜிஃபில்ம் தயாரித்த மெல்லிய தாள், பக்கவாட்டில் பார்த்தால் நிறம் மாறிப்போன கணினித் திரைகளை 1990களில் காப்பாற்றியது. சந்திரசேகரின் தம்பி பஞ்சரத்னம், 35 வயதில் மறைந்தவர், ஆராய்ந்தது முனைவாக்கப்பட்ட ஒளியை. அந்த ஒளி இல்லாமல் எல்சிடியே இல்லை. ஓஎல்இடி ஒப்பிடுகையில் இளையது: 1987இல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரின் கைவண்ணம். டீவியாக அது கடைக்கு வந்தது 2007இல், சோனியின் 11 அங்குல எக்ஸ்இஎல்-1 வடிவில்.

அசைவுக்கு வருவோம். ஓஎல்இடி புள்ளி நிறம் மாற ஒரு மில்லி நொடிகூடத் தேவையில்லை. விஏ எல்சிடி கறுப்பிலிருந்து கருஞ்சாம்பலுக்கு மாறவே பல மில்லி நொடிகள் எடுத்துக்கொள்ளும். இருட்டில் ஓடும் உருவத்துக்குப் பின்னால் கறை இழுபடுவது அதனால்தான். இதோடு வழக்கைத் தீர்த்துவிடலாம் என்றால், நொடிக்கு 30 சட்ட (ஃபிரேம்) வேகத்தில் ஓடும் கேம்கள் விடுவதில்லை. அங்கே ஒரே படம் 33 மில்லி நொடி அப்படியே நிற்கிறது. ஓஎல்இடி அடுத்த படத்துக்குச் சட்டென்று தாவுவதால் கமராவைத் திருப்பும்போது காட்சி வெட்டி வெட்டி நகரும். எல்சிடியின் மந்தம் அந்த வெட்டுகளை மெழுகிவிடுகிறது. குறை ஒன்று குணமாகும் அபூர்வ இடம் இது. 60க்கு மேல், குறிப்பாக 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஆகியவை தரும் 120இல், ஓஎல்இடிக்கு நிகரில்லை. பொத்தானை அழுத்துவதற்கும் திரை அசைவதற்கும் உள்ள தாமதத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. கேம் மோடைப் போட மறந்தால் இரண்டுமே சோம்பும்.

தொண்ணூறுகளின் டீவி கேம் பெட்டிகளோடு வந்த பிளாஸ்டிக் துப்பாக்கி இந்த இரண்டு திரைகளிலும் வேலை செய்யாது. வாத்துச் சுடும் அந்த விளையாட்டு, பழைய குழாய் டீவியில் ஒளிக்கற்றை ஓடும் கணத்தோடு கணக்கிட்டுப் பிணைக்கப்பட்டது. அப்படி ஓடும் ஒளிக்கற்றையே இல்லாத இந்தத் திரைகளில் அந்தக் கணக்குப் பொருந்தாது.

கடையில் பார்ப்பது ஒன்று, வீட்டில் நடப்பது வேறொன்று. பசறை, லுணுகலை, ஹாலிஎல பக்கத்துத் தோட்ட லயங்களில் பழைய காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடிதான். ஜன்னல் குறைவு, பகலில் இஸ்தோப்புப் பக்கத்துக் கதவு திறந்தே கிடக்கும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் அடிக்கும் மாதங்கள் ஊவாத் தேயிலைக்கு மணம் சேரும் பருவம்; மழை ஒதுங்கி வெயில் காயும். அந்த வெளிச்சம் வாசல் வழியே திரையில் விழும்போது ஓஎல்இடியின் அருமையான கறுப்பு கண்ணாடியாகிவிடும், விளையாடுபவர் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் அதே சின்ன அறையில் எல்லாரும் நேராக உட்கார இடமிருக்காது. கட்டிலில் ஒருவர், பாயில் இருவர், கதவோரம் அம்மா. பக்கவாட்டுப் பார்வையில் விஏ திரை வெளிறிப்போகும். ஓஎல்இடி அப்படியே நிற்கும்.

அதைவிடப் பெரிய விஷயம், அந்த டீவி கேமுக்கு மட்டுமே உரியதல்ல. பகல் முழுக்கச் சீரியல், மாலையில் செய்தி, கிரிக்கெட் இருந்தால் கிரிக்கெட். சக்தி, வசந்தம் அலைவரிசைகளின் மூலைச் சின்னமும், ஓட்ட எண்ணிக்கைப் பட்டியும் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும். ஓஎல்இடியில் ஒளிர்வது கரிமச் சேர்மம். அதிகம் எரிந்த புள்ளி சீக்கிரம் மங்கும், அதிலும் நீலம் முந்திக்கொள்ளும். கனடாவின் ஆர்டிங்ஸ் பரிசோதனைக்கூடம் 2018இல் ஆறு ஓஎல்இடி டீவிகளை நாளுக்கு 20 மணி நேரம் ஓடவிட்டபோது, செய்தி ஓடிய திரையில் சிஎன்என் சின்னம் அழியாத தடமாகப் பதிந்தது. கால் ஆஃப் டியூட்டி ஓடிய திரை ஏறக்குறையத் தப்பித்துவிட்டது. ஆக, பிள்ளையின் கேமைவிடப் பாட்டியின் சீரியல்தான் இந்தத் திரைக்கு ஆபத்து! டெட் ஸ்பேஸ் என்ற கேம் உயிர்மானியைக்கூடத் திரை ஓரத்தில் வைக்காமல் நாயகனின் முதுகெலும்பில் பொருத்தியிருக்கிறது. இருட்டும் அதில் ஏராளம். ஓஎல்இடிக்கென்றே அளவெடுத்ததுபோல் இருக்கும் அந்த ஆக்கம் முதலில் வந்தது 2008இல், அந்த டீவிகள் வீடுகளில் பரவுவதற்கு முன்பே.

இன்னொன்று, விற்பவர்கள் அதிகம் சொல்லாதது. ஓஎல்இடி டீவி, சில மணி நேரம் ஓடியபின் ரிமோட்டால் அணைக்கப்பட்டதும், தூங்குவதுபோல் இருந்துகொண்டே புள்ளிகளின் தேய்மானத்தை அளந்து சமன்செய்யும். அதற்கு ப்ளக் சுவரிலேயே இருக்கவேண்டும். மலைநாட்டில் அது நடக்குமா? ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகல் இடி முழங்கத் தொடங்கியதும் ப்ளக்கையும் டிஷ் வயரையும் பிடுங்குவதுதான் வீட்டின் முதல் வேலை. அது சரியான பழக்கம்தான். இடி ஓய்ந்ததும் மறுபடி செருகிவைக்கும் பழக்கமும் வந்தால்தான் இந்தத் திரை நீடிக்கும். எல்சிடிக்கு இந்தக் கவலையே இல்லை.

விலையைப் பேசாமல் முடியாது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாய் என்று தீர்மானிக்கப்பட்டது. பிளேஸ்டேஷன் 5 வந்தபோது அமெரிக்காவில் 499 டொலர். டொலருக்கு 300 ரூபாய் என்று வைத்தால், வரி சேர்க்காமலே சுமார் 111 நாள் கொழுந்து. அதற்குமேல் பல இலட்சம் கொடுத்து ஓஎல்இடி வாங்குவது, கொழும்பிலோ வளைகுடாவிலோ உழைக்கும் அண்ணன் இருக்கும் வீட்டுக்கே யோசிக்கவேண்டிய காரியம்.

எல்லாக் கேமும் இருட்டைக் கேட்பதுமில்லை. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட வெண்பா, கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தைச் சமையல் வழியே சொல்லும் விளையாட்டு. 2024இல் பாஃப்டாவின் அறிமுக ஆக்க விருதைப் பெற்றது. அம்மாவின் கறை படிந்த சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லித் தட்டை அடுக்குவதும் புட்டுக்குழல் நிரப்புவதும்தான் அதில் சாகசம். தட்டையான, பளிச்சென்ற நிறங்கள்; ஆவி பறக்கும் வெண்மை; அவசரமில்லாத அசைவு. நடுத்தர விலை எல்சிடியில் அதன் அழகு ஒன்றும் குறைவதில்லை. நிண்டெண்டோவே அலைபாய்ந்துகொண்டிருக்கிறது: 2017 சுவிட்சில் எல்சிடி, 2021இல் அதற்கு ஓஎல்இடி, 2025இன் சுவிட்ச் 2இல் மறுபடி எல்சிடி. வெண்பாவை அந்த மூன்றிலும் விளையாடலாம். புட்டு மூன்றிலும் வேகும்.