‘ஃபைன்’ என்றால் என்ன? விருத்தாசலத்திலும் இலங்கையிலும்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ‘ஃபைன்’ என்ற சொல்லுக்கு யாரும் அகராதி புரட்டுவதில்லை. குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் ‘பால் மில்’ என்ற சுழலும் அரைவை உருளையில் தண்ணீரோடு மணிக்கணக்கில் உருண்டு கூழாகும். அதில் கொஞ்சம் எடுத்துச் சல்லடையில் ஊற்றி அலசிப் பார்ப்பார்கள். 200 மெஷ் சல்லடையில் ஒரு கண்ணின் அகலம் சுமார் 75 மைக்ரான். மேலே தங்கியதை விரலில் தேய்த்து, நறநறவென்று இருந்தால், “இன்னும் ஃபைன் ஆகல, ஓடட்டும்” என்பார் மில்லைப் பார்த்துக்கொள்பவர். அவருக்கு அந்தப் பெயரடை கண்ணாலும் விரலாலும் தெரிந்த ஒன்று.

அவர் வீட்டுப் பிள்ளைக்கு அதே சொல் பள்ளியில் வேறு வழியாக வருகிறது. ‘ஃபைன் என்றால் நன்றாக’ என்று நோட்டில் எழுதி, பத்து முறை படித்து, ஒப்பித்தாயிற்று. பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாள் தொடங்குவதே ஒருபொருட் சொல், எதிர்ச்சொல் கேள்விகளோடுதான். மூன்றும் மூன்றும் ஆறு மதிப்பெண். அதற்காகப் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் நடக்கிறது. லிஃப்கோ அகராதி பல வீடுகளில் இருக்கிறது. அதில் ஒரு சொல்லுக்கு நேரே ஐந்தாறு பொருள் இருந்தாலும் பிள்ளை முதல் பொருளோடு மூடிவிடுகிறது. பிறகு பாலிடெக்னிக்கில் ‘ஃபைன் பார்ட்டிகிள்ஸ்’ என்று படிக்கும்போது ‘நல்ல துகள்கள்’ என்று எழுதினால் தவறு யாருடையது?

எதிர்ச்சொல்லில் இந்தச் சிக்கல் இன்னும் வெளிச்சமாகத் தெரியும். ஃபைனான மண்ணுக்கு எதிர் கரடுமுரடான மண். ‘ஐ ஆம் ஃபைன்’ என்பதற்கு எதிர் உடம்பு சரியில்லை என்பது. வானிலைக்குச் சொன்னால் எதிர் மழையும் மூட்டமும். பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல்லைப் பார்க்காமல் எதிர்ச்சொல் சொல்லவே முடியாது. ‘கிரீன்’ என்று கேட்டால் உலகம் பச்சை நிறம் என்னும். பீங்கான் பட்டறையில் அது இன்னும் சூளைக்குப் போகாத பாண்டம். அங்கே அதற்கு எதிர், சுட்டது.

இலங்கையில் தொடக்கமே வேறு. அங்கே முதல் இரண்டு தரங்களில் (வகுப்புகளில்) ஆங்கிலம் வாய்ப்பேச்சாகவும் விளையாட்டாகவும் வருகிறது. பாடநூல் மூன்றாம் தரத்தில்தான். பிள்ளை சொல்லை எழுத்தாகப் பார்க்கும் முன் ஒரு பொருளோடு சேர்த்துக் காதால் கேட்கிறது. இதற்கு அரசியல் காரணமும் உண்டு. 1987-இல் வந்த இலங்கை அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் சந்திக்கும் இடத்தில் அந்த மொழி வாயில் வர வேண்டும் என்ற கவலை அங்கே இருக்கிறது. க.பொ.த. (கல்விப் பொதுத் தராதரப் பத்திர) சாதாரணதரத் தேர்வின் ஆங்கில வினாத்தாளில் கொடுத்த சொற்களைப் பத்தியின் இடைவெளிகளில் பொருத்தும் கேள்விகள் வரும். சொல் எந்த வாக்கியத்தில் உட்காரும் என்பதைப் பார்க்காமல் விடை எழுத வழியில்லை.

அதற்காக அங்கே எல்லாம் சீர் என்று சொல்ல மாட்டேன். வன்னியிலும் மலையகத்திலும் ஆங்கில ஆசிரியர் பற்றாக்குறை பழைய குறை. பாடத்திட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பேசிக் காட்ட ஆள் இல்லாத வகுப்பில் ஒரு பெயரடையும் வாய்க்கு வராது.

இரு கரைக்கும் அகராதி வேலையில் பழைய உறவு உண்டு. நைட், ஸ்பால்டிங் என்ற யாழ்ப்பாண மிஷனரிகள் பள்ளிகளுக்கென்று தொகுத்த ஆங்கில-தமிழ் அகராதி 1844-இல் சென்னையில் அச்சானது. அதே யாழ்ப்பாணத்தில் தொடங்கிய வேலைதான் 1862-இல் வின்சுலோவின் பெரிய அகராதியாகச் சென்னையில் வெளிவந்தது. நம் பிள்ளைகள் கையில் இருக்கும் அகராதிகளின் முன்னோடிகளில் சில அக்கரையில் பிறந்தவை.

2009-ஐ ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டு என்று அறிவித்த இலங்கை, பேச்சு ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சிக்குத் தன் ஆசிரியர்களை ஹைதராபாத்தில் உள்ள ஆங்கில, அயல்மொழிகள் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. கடல் தாண்டி அவர்கள் வந்து கற்ற இடம் நமக்கு ஓர் இரவு ரயில் தூரம். நம் ஆசிரியர்களும் அங்கே போகட்டும். அதுவரை அந்த ஆறு மதிப்பெண்ணையாவது மாற்றலாம்: மண், உடம்பு, வானம் என்று மூன்று பெயர்ச்சொற்களைக் கொடுத்து, ‘ஃபைன்’ எங்கெல்லாம் பொருந்தும், அங்கே அதற்கு எதிர் என்ன என்று கேட்கலாம்.