பழைய லேலண்டு லாரியின் கோளாறறிதல்

1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி 1955இல் அசோக் லேலண்டு என்று பெயர்மாறிய நிறுவனத்தின் பழைய லாரிகள், செவிலிமேட்டில் பாலாற்றைக் கடந்து வந்தவாசிக்குச் செல்லும் சாலை போன்ற தமிழகச் சாலைகளுக்கென்றே அமைந்தவை எனலாம்; அவற்றின் எஞ்சினில் கணினி இல்லாமையால், கோளாறறிதல் முழுவதும் மெக்கானிக்கின் கண்ணையும் காதையும் சார்ந்தது. கரும்புகை, காற்று வடிகட்டி அடைபட்டோ டீசல் மிகுந்தோ எரிதல் நிறைவுறாமையையும், நீலப்புகை எஞ்சின் ஆயில் எரிவதையும் உணர்த்தும்.

இவற்றினும் நுட்பமானது, எஞ்சின் ஓடும்போதே, டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் கருவியான இன்ஜெக்டருக்குச் செல்லும் குழாய்களின் நட்டுகளை ஒவ்வொன்றாகச் சற்றே தளர்த்திப் பார்க்கும் முறை: நல்ல சிலிண்டராயின் எஞ்சின் உடனே தடுமாறும், ஓசை மாறாவிட்டால் பழுது அங்கேதான். ஒரே ஸ்பேனரால் இத்தனை துல்லியமான விடை கிடைப்பது உண்மையிலேயே வியப்புக்குரியது. உயரழுத்த டீசல் தோலையும் துளைக்கும் என்பதால், கசிவின் அருகே விரலைக் கொண்டுசெல்லாமை இதன் முதல் ஒழுங்கு.

டீசல் தீர்ந்து குழாய்க்குள் காற்றுப் புகுந்தால் செய்யப்படும் ‘ஏர் எடுத்தல்’ என்பது, வடிகட்டியின் திருகைத் தளர்த்தி, குமிழியற்ற டீசல் வரும்வரை கைப்பம்பை அழுத்தி, பின் திருகை இறுக்குவதாகும்.