அணையடிப் பூங்கா: தண்ணீர், பார்வை, அடுப்பு

1

திருச்செங்கோட்டில் ஒரு குடும்பம் ‘பார்க்குக்குப் போறோம்’ என்று சொன்னால் அது பெரும்பாலும் மேட்டூரைத்தான் குறிக்கும். சங்ககிரி, எடப்பாடி வழியாக ஒன்றரை, இரண்டு மணி நேரப் பயணம். வேனில் அண்டா, கரண்டி, அரிசி, பாய், மாற்றுத்துணி ஏறும். காலைக் கட்டிய சேவல் ஒன்று ஏறும். நேர்ச்சி இருந்தால் கிடாயும் ஏறும்.

பூங்கா பார்க்கப் போகிறவர்களுக்குக் கிடாய் எதற்கு? நகரம், வெளி, ஓய்வு என்று நாம் எழுதிவரும் விமர்சனங்களில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. பூங்கா என்றதும் நடைபயிற்சி, பூச்செடி, பெஞ்சு, காதலர்கள் என்பதாகவே நமக்குப் பழகிப்போயிருக்கிறது. சேவலோடு வருகிறவர்களைப் பற்றி யோசிக்க வேண்டுமென்றால் அணைக்கட்டின் அடியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

2

அணையடிப் பூங்கா தனியொரு வகைமை. கிருஷ்ணராஜசாகர் அணைக்குக் கீழே 1927இல் தொடங்கி 1932இல் முடிந்த பிருந்தாவனம் இதன் பெரிய முன்மாதிரி. மைசூர் திவான் மிர்சா இஸ்மாயிலின் ஆசை அது. காஷ்மீரத்து ஷாலிமார் தோட்டத்தின் சாயல் கொண்டது. பிறகு பவானிசாகர், வைகை, சாத்தனூர், கிருஷ்ணகிரி என்று அணை எழுந்த இடத்திலெல்லாம் பூங்காவும் எழுந்தது. சினிமா அங்கே போய் டூயட் பாடியது. அணையின் நீளமான சுவர் பின்னணி, முன்னால் பூம்பாத்தி, நடுவில் காதல் என்ற சட்டகம் நம் கண்களுக்குள் நிலைத்துவிட்டது.

இந்த வகைமையின் இலக்கணம் எளிமையானது. அரசு ஆற்றை நிறுத்துகிறது. நிறுத்திய வல்லமையைப் பார்க்கக் குடிமக்களை அழைக்கிறது. வெறும் கற்சுவரைப் பார்த்தால் பயம் வரும் என்பதால் அதன் காலடியில் பூச்செடி வைக்கிறது. தண்ணீரும் அதிகாரமும் அழகாக, அபாயமற்றதாக, குழந்தைகளுக்கு ஏற்றதாக மாறிவிடுகின்றன. ஊஞ்சல், சறுக்குமரம், மான், முயல், பாம்பு எல்லாம் இந்த மாற்றத்தின் துணைக்கருவிகள். மான் கம்பிவேலிக்குள் நிற்கிறது, ஆறு சுவருக்குள் நிற்கிறது. இரண்டையும் ஒரே டிக்கெட்டில் பார்த்துவிடலாம்.

மேட்டூர் அணை, மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் இடையே 1924இல் ஏற்பட்ட ஒப்பந்தத்துக்குப் பின் 1925இல் தொடங்கி 1934 ஆகஸ்ட் 21இல் திறக்கப்பட்டது. நீளம் 5,300 அடி. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நீர்த்தேக்கத்துக்கு அன்றைய கவர்னர் ஸ்டான்லியின் பெயர். இந்தத் தண்ணீர் பிரதானமாகத் தஞ்சை டெல்டாவுக்கு. சேலம், நாமக்கல், ஈரோடு பக்கத்து நிலங்களுக்குக் கிழக்கு, மேற்குக் கரை வாய்க்கால்கள் 1955இல்தான் வந்தன. அவற்றின் பாசனம் 45,000 ஏக்கர். வாய்க்கால் எட்டாத மேட்டாங்காட்டுக்காரனுக்குக் கிணறு. கிணறு வற்றினால் போர்.

எனவே மேட்டூருக்கு வருகிற திருச்செங்கோட்டுக்காரனின் பார்வை ஒரு விசித்திரமான பார்வை. அவனுடைய ஊர் ரிக் வண்டிகளின் ஊர். நாடு முழுக்கப் போய் ஆயிரம் அடி ஆழத்துக்குத் துளை போட்டுத் தண்ணீர் தேடுகிறவர்கள் அவன் பந்துக்கள். தண்ணீர் என்றால் அவர்களுக்குப் புழுதி, கம்ப்ரஸர் இரைச்சல், அடிக்கு இத்தனை ரூபாய் என்ற கணக்கு. அப்படிப்பட்டவன் வருஷத்தில் ஒரு நாள், தேடாமலே மேல்மட்டத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்க்க வருகிறான். அது தன் வயலுக்கு வராத தண்ணீர் என்பது தெரிந்தும் வருகிறான்.

3

பூங்கா எதைக் காட்டுகிறது என்பதோடு எதைக் காட்டவில்லை என்றும் கேட்க வேண்டும். சுவரின் இந்தப் பக்கம் புல்வெளி. அந்தப் பக்கம் மூழ்கிய ஊர்கள். நீர்மட்டம் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பரிசல்துறை அருகே ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், பழைய கிறிஸ்தவ தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். செய்தித்தாள்கள் படம் போடும். அந்தப் படத்தின் அர்த்தம் ‘வறட்சி’ என்பதாகவே ஒவ்வொரு முறையும் வாசிக்கப்படுகிறது. அங்கே ஓர் ஊர் இருந்தது என்பதாக வாசிக்கப்படுவதில்லை. அணை நிரம்பினால் மகிழ்ச்சி. நிரம்புவது என்பது அந்த ஊர் மறுபடி மறைவது என்று யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்லும் ஒரு பலகைக்குக்கூடத் தேவை இல்லாதபடி பூங்கா எனும் பிரதி எழுதப்பட்டிருக்கிறது. பூச்செடிகள் நிகழ்காலத்தில் மட்டுமே பூக்கின்றன.

அணைகளை நவீன காலக் கோயில்களாகப் பார்க்கச் சொன்னார் நேரு. 1954இல் பக்ரா-நங்கல் அணைத்திட்டத்தில் அவர் பேசிய பேச்சு அது. அவர் உருவகமாகச் சொன்னார். மேட்டூருக்கு வருகிற சனம் அதற்கு முன்பும் பின்பும் நேர்ப்பொருளிலேயே நடந்துகொண்டிருக்கிறது. பூங்காவை ஒட்டி இருக்கிறார் அணைக்கட்டு முனியப்பன். ஆடு, கோழி அவருக்கு. ஆடிப் பதினெட்டில் சுற்றுவட்டார ஊர்ச்சாமிகளைத் தூக்கிவந்து காவிரியில் நீராட்டுகிறார்கள், புதுசாகக் கல்யாணமான பெண்கள் தாலிக்கயிறு மாற்றுகிறார்கள். பலி முடிந்து, கறி வெந்து, சோறு வடித்து, பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு பூங்காவுக்குள் வருகிறார்கள். பொறியாளனின் சுவருக்குக் காவல்தெய்வம் வைத்த பிறகுதான் அரசின் புல்லில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

4

கோட்பாட்டு வாசகருக்கு இந்த இடத்தில் கை பரபரக்கும். ஃபூக்கோ 1967இல் ஆற்றிய உரையில் ‘ஹெட்டரோடோபியா’ என்று ஒன்றைச் சொல்கிறார், வேற்றிடம் எனலாம். ஒன்றுக்கொன்று ஒவ்வாத பல இடங்களை ஒரே இடத்தில் அடுக்கிவைப்பது அது. அதன் மிகப் பழைய உதாரணம் தோட்டம்தான் என்கிறார். அத்தகைய இடத்துக்குத் திறப்பதற்கும் அடைப்பதற்கும் ஒரு முறை இருக்கும். நமக்கு அது டிக்கெட் கவுண்டர். பாக்தின் பக்கம் போனால் திருவிழா கிடைக்கும்: நடிப்பவன், பார்ப்பவன் என்ற பிரிவு அற்றுப்போகும் இடம். ஆக, பூங்கா ஒழுங்குபடுத்துகிறது, சனங்கள் திருவிழாவால் அந்த ஒழுங்கைக் கலைக்கிறார்கள் என்று கட்டுரையை முடித்துவிடலாம். நாமும் இப்படிப் பல கட்டுரைகளை முடித்திருக்கிறோம்.

ஆனால் இந்த முடிவில் ஒரு ஆள் குறைகிறது. திருவிழாவுக்கு வெங்காயம் உரித்த ஆள்.

நான் போன ஓர் ஆடிப் பதினெட்டில், ஆம்பிளைகள் தண்ணீரில் முழுகிக்கொண்டிருந்தார்கள். ரிக் வண்டியோடு போய் மாசக்கணக்கில் வெளி மாநிலத்தில் கிடந்துவிட்டு வந்த சித்தப்பா, பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு குதித்தார். அவருக்குக் குடும்பம் என்பது வருஷத்தில் இப்படிச் சில நாள்தான்; அந்த மகிழ்ச்சியைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது. பெண்கள் மூன்று கல் அடுப்பில் புகையோடு கிடந்தார்கள். ஆளுக்கு ஒரு முழுக்கு, உடனே அடுப்புக்கு. சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனோம். பந்தி பரிமாறி எல்லாரும் தின்று முடித்த பிறகு பெரியம்மா புல்லில் காலை நீட்டிப் படுத்தாள். மான் பார்க்கப் போலாமா என்றேன்.

“மானப் பாத்து என்ன பண்றது? இந்தப் புல்லு மேல கெடக்கற ஒரு மணி நேரந்தாங் கண்ணு எனக்கு நோம்பி. அடுப்பு அந்தப்பக்கம் கெடக்குது. ஒருத்தரும் வந்து தண்ணி காய வையி, டீ போடுன்னு கேக்க முடியாதில்ல.”

நான் ஒழுங்குபடுத்தும் வெளி என்று எழுதிவைத்திருந்த அதே கம்பிவேலி, அவளுக்கு அடுப்பைத் தடுத்து நிறுத்திய வேலி. நான் மக்கள் எதிர்ப்பு என்று கொண்டாடிய அதே திருவிழா, அவளுக்கு இடம் மாறிய அடுக்களை. அரசு யாருக்காகவோ போட்ட புல்தரையில், யாரும் திட்டமிடாத ஓய்வு ஒன்றை அவள் கண்டெடுத்திருக்கிறாள். அதையும் விடுதலை என்று பெரிதுபடுத்தக் கூடாது. சாயங்காலம் அண்டாவைத் தேய்த்தவள் அவள்தான். பாதி உடம்பைப் பெண்ணுக்குக் கொடுத்த சாமியின் மலையடிவாரத்திலிருந்து கிளம்பி வந்தவர்கள் நாங்கள். வேலையில் பாதியைப் பற்றி அந்த மலையில் எந்தப் படியும் எதையும் சொல்லவில்லை போலும்.

5

தோட்டத்துக்குள் பெண் போவது நம் இலக்கியத்தில் பழைய பிரச்சினை. மணிமேகலை பூப்பறிக்கப் போக வேண்டும். எந்த வனத்துக்குப் போகலாம் என்று சுதமதி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வருகிறாள். இலவந்திகையில் அரசனின் பரிவாரம் இருக்கும். உய்யானம் தேவர்களுக்கானது, பூதம் காக்கிறது. சம்பாபதி வனமும் கவேர வனமும் தெய்வக் காவலில் இருக்கின்றன. மிச்சம் உவவனம். அங்கேயும் உதயகுமரன் பின்தொடர்ந்து வந்துவிடுகிறான். அவள் பளிக்கறைக்குள் புகுந்து ஒளிய வேண்டியிருக்கிறது. ஊரில் இத்தனை சோலை இருந்தும் ஒரு பெண் தனியாகப் போக ஒன்றும் இல்லை என்பதாக இந்தக் காதையை நாம் வாசித்ததில்லை. வருணனைக்காக வாசித்திருக்கிறோம்.

இன்றைய பூங்கா இதற்குக் கண்டுபிடித்த தீர்வு ‘குடும்பம்’. குடும்பத்தோடு வா, பாதுகாப்பு உண்டு. பெரியம்மாவின் அந்த ஒரு மணி நேரமும் பதினைந்து பேர் கொண்ட வேனின் ஒரு பகுதியாகத்தான் அவளுக்குக் கிடைக்கிறது. குடும்பத்துக்குச் சமைத்துப்போட்டு, குடும்பத்தைச் சாட்சியாக வைத்து, குடும்பத்திலிருந்து ஒரு மணி நேரம் அவள் விலகிப் படுக்கிறாள். அவள் ஒருத்தியாகத் தனியே பஸ் ஏறி வந்து அதே புல்லில் படுத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப்பாருங்கள்.

6

அப்படியானால் அணையடிப் பூங்காவை வைத்துக்கொள்வதா, விடுவதா? இன்று இந்தக் கேள்வி சும்மா கேட்கிற கேள்வியல்ல. குடும்பப் பொழுதுபோக்கு என்பது தனியார் கேளிக்கைப் பூங்காக்களின் சரக்காகிவிட்டது. அங்கே செயற்கை அலை அடிக்கிறது, தலைக்கு நூற்றுக்கணக்கில் கட்டணம், வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை. அங்கே பெரியம்மா சமைக்க வேண்டாம்தான். ஆனால் பதினைந்து பேருக்கு டிக்கெட்டும் சாப்பாடும் வாங்கக் காசு வேண்டும். தறி ஓட்டுகிற, ரிக்கில் கம்பி மாட்டுகிற வீட்டில் அந்தக் காசு இல்லை. அரசுப் பூங்காக்களையும் இதே அச்சில் வார்க்க வேண்டும் என்ற பேச்சு ‘மேம்பாடு’ என்ற பெயரில் வருகிறபோது, நாம் பழைய பூங்காவை வெறும் அதிகாரத்தின் காட்சிக்கூடம் என்று மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் அந்தப் பேச்சுக்குத்தான் உதவி செய்வோம்.

அண்டாவோடு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பாத வாசல், ஏழைக்கு எட்டுகிற கட்டணம், அடுப்படிக்கு அருகே குழாய், பெண்களுக்குக் கழிப்பறை, நிழல், தனியே வருகிற பெண்ணை யாரும் ஏனென்று கேட்காத ஒரு புல்வெளி, சுவருக்கு அந்தப் பக்கம் மூழ்கிய ஊர்களின் பெயர்களைச் சொல்லும் ஒரு கல். இவை பொதுப்பணித் துறைக்குக் கொடுக்கிற மனு மாதிரி இருக்கின்றன என்று நண்பர்கள் சொல்லலாம். இருக்கட்டும். நம் கோட்பாடுகள் ஒரு குழாயைக்கூடக் கேட்கத் தெரியாமல் போனதால்தான் அந்த மூன்று கல் அடுப்பு இத்தனை நாள் நம் கண்ணில் படவில்லை. கரண்டி யார் கையில் இருக்க வேண்டும் என்பதைப் பூங்கா தீர்மானிக்க முடியாது. அதை வேன் கிளம்புவதற்கு முன்னால், திருச்செங்கோட்டில், நம் வீட்டிலேயே பேசித் தீர்க்க வேண்டும்.