ஃபிரிட்ஜில் பிரித்த பெட்டி

தனித்தனித் தாள்களாக வரும் ஷீட் ஃபிலிமை வாங்கியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுவது பெரிய வடிவக் கேமராவில் படமெடுப்போரின் நெடுநாள் வழக்கம். சென்னை, தூத்துக்குடி போன்ற புழுக்கமான கடலோர ஊர்களுக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும்?

வழக்கத்தின் பலம் ஐயத்துக்கு இடமில்லாதது. ஃபிலிமை மூப்படையச் செய்யும் வேதிவினைகள் வெப்பத்தில் விரைவுபடும். உறை பிரிக்காத பெட்டி 4, 5 டிகிரி செல்சியஸில் இருந்தால் ஒளியுணர்வு குறைவதும் மூட்டம் படர்வதும் தள்ளிப்போகும். கலர் ஃபிலிமுக்கு லாபம் இன்னும் அதிகம். அதன் அடுக்குகள் ஒரே சீராகக் கெடாததால் நிறச் சமநிலை குலைந்துவிடும். இயற்கைக் கதிர்வீச்சால் வரும் மூட்டத்தை மட்டும் குளிர் தடுக்காது.

குறை, உறையைப் பிரித்த பிறகு தொடங்குகிறது. ஆலையில் அளவான ஈரப்பதத்தில் மூடிய உறைதான் அதுவரை ஈரத்தைத் தடுத்தது. ரோல் ஃபிலிமைப் பிரித்தால் முழுதாகக் கேமராவில் ஏற்றிவிடலாம். 25 தாள் பெட்டியிலோ நாலைந்தை, கேமராவில் செருகும் ஹோல்டரில் போட்டுவிட்டு மிச்சத்தை மூடுகிறோம். அறைக்காற்றும் உள்ளே அடைபடுகிறது. 30 டிகிரியில் 75 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்று, சுமார் 25 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீர்விடத் தொடங்கும். ஃபிரிட்ஜ் அதைவிட வெகுவாகக் குளிர்ந்தது. ஈரம் குடித்த ஜெலட்டின் பிசுபிசுத்து அடுத்த தாளோடு ஒட்டும். பூஞ்சைக்கும் அதுவே உணவு. வெளியே எடுத்த பெட்டியை, அறை வெப்பத்துக்கு வர சில மணி நேரம் விடாமல் திறந்தாலும் இதே கதிதான்.

சிலிக்கா ஜெல் உதவும், ஆனால் உலர்ந்திருக்கும்வரைதான். சூடாக்கிப் புதுப்பிக்காத பொட்டலம் வெறும் மணிகள். மிதமிஞ்சி உலர்த்தினாலும் வம்பு: ஹோல்டரின் மூடித்தகடான டார்க் ஸ்லைடை வெடுக்கென இழுக்கையில் நிலைமின் பொறி பாய்ந்து ஃபிலிமில் கோடுகள் விழலாம்.

கையாள்வதிலும் ஈரம் விடாது. ஒளிபுகாமல் ஃபிலிம் மாற்ற உதவும் சேஞ்சிங் பேக்குக்குள் வியர்க்கும் கை, உள்ளிருக்கும் காற்றையே ஈரமாக்கும். தாளில் ரேகையும் பதிக்கும். ஏசி போட்ட இருட்டறை மேல். ஹோல்டரில் நாள்கணக்கில் கிடக்கும் தாள் ஈரத்தில் புடைத்தால் ஃபோகஸ் தவறும். படமெடுத்த தாளில் உருவாகியிருக்கும் மறைபிம்பமும் வெப்பத்திலும் ஈரத்திலும் மங்கும் என்பதால், அதைச் சேர்த்து வைக்காமல் சீக்கிரம் டெவலப் செய்வதே முறை.

ஆகவே இங்கே ஃபிரிட்ஜ் மூடிய பெட்டிக்கு உரியது. பெரிய பெட்டி தாள் கணக்கில் மலிவு என்றாலும், அடிக்கடி படமெடுக்காதவருக்கு 10 தாள் பெட்டியே சிக்கனம். பிரித்ததைக் காற்றுப்புகாத டப்பாவில், ஏசி அறையில் வைத்துச் சில வாரங்களில் தீர்த்துவிட வேண்டும்.