கேமராவுக்கு எட்டாத குவியம்

ஆறங்குல நியூட்டன் தொலைநோக்கியில் ஐபீஸ் போட்டுப் பார்த்தால் நிலா பளிச்சென்று தெரியும். அதே இடத்தில் டி.எஸ்.எல்.ஆர். கேமராவை மாட்டினால், ஃபோகஸர் குழாயை முழுதாக உள்ளே தள்ளிய பிறகும் நிலா கலங்கியே நிற்கும். கருவி பழுது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பழுதில்லை. கேனான் இ.எஃப். கேமராவில் மவுண்ட்டுக்கு 44 மி.மீ. பின்னால் சென்சார் இருக்கிறது. கேமராவைத் தொலைநோக்கியில் மாட்டும் டி-ரிங்கையும் சேர்த்தால் 55 மி.மீ. ஆடி குவிக்கும் பிம்பம் அவ்வளவு தூரம் வெளியே வருவதில்லை. வர வைக்கலாம்தான். அதற்குத் துணை ஆடியைப் பெரிதாக்க வேண்டும். அது வரும் ஒளியை மறைத்து, கிரகங்களின் நுண்விவரங்களை மங்கச் செய்யும். கண்ணால் பார்க்கவென்று செய்த கருவியில் இது நியாயமான சமரசமே.

நான் சோதித்தது 150 மி.மீ. விட்டமும் 750 மி.மீ. குவியத்தூரமும் கொண்ட எஃப்/5 கருவி. எதையும் வாங்கும் முன் செய்ய வேண்டியது ஒரே ஒரு அளவீடு. ஃபோகஸரை முழுதாக உள்ளே விட்டு, நிலாவை நோக்கித் திருப்பி, ஃபோகஸர் குழாய் வாயிலிருந்து ஒரு பட்டர் பேப்பரை மெல்ல விலக்கிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் ஏழு மி.மீ. அகலத்தில் குட்டி நிலா ஒன்று கூர்மையாக விழும், கருந்திட்டுகள்கூடத் தெரியும். வாயிலிருந்து அந்த இடத்துக்கு ஸ்கேல் வையுங்கள். இந்தக் கருவியில் சுமார் 25 மி.மீ. தேவை 55, ஆக, 30 மி.மீ. பற்றாக்குறை. (சூரியனை வைத்து இதை ஒருபோதும் செய்யாதீர்கள்.)

மலிவான தீர்வு 2 மடங்கு பார்லோ லென்ஸ். குவியம் வெளியே தள்ளப்படுகிறது, நிலா சட்டென்று கூர்மையாகிறது. ஆனால் எஃப்/5 எஃப்/10 ஆகிவிடும். ஓரியன் நெபுலாவுக்கு நான்கு மடங்கு எக்ஸ்போஷர் வேண்டும். நிலாவுக்கும் கிரகங்களுக்கும் சரி, நெபுலாக்களுக்குச் சரிப்படாது.

முதன்மை ஆடியை நீளமான போல்ட்டுகளால் 30 மி.மீ. முன்னே நகர்த்துவது முழுத் தீர்வு. விலையும் உண்டு: எஃப்/5-இல் துணை ஆடி இருக்குமிடத்தில் ஒளிக்கூம்பு 6 மி.மீ. கூடுதல் அகலமாகிவிடும். துணை ஆடி அதைத் தாங்காவிட்டால் விளிம்பு ஒளி வீணாகும். ஆடிகளைத் திரும்ப நேர்ப்படுத்த வேண்டும். ஐபீஸுக்கு எக்ஸ்டென்ஷன் குழாய் தேவைப்படும். கை பழகாதவர்கள் இதில் இறங்க வேண்டாம். உயரம் குறைந்த ஃபோகஸராக மாற்றுவதும் உதவும், மிச்சமாகும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் கணக்கில் சேரும்.

மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்களுக்கு வழி எளிது. சோனி இ மவுண்ட்டில் சென்சார் 18 மி.மீ. பின்னால்தான். ஆனால் கடையில் கிடைக்கும் டி-ரிங்குகள் பலவும் அதே 55 மி.மீ. வரும்படி நீளமாகச் செய்யப்பட்டவை. அவற்றை மாட்டினால் பழைய சிக்கல் அப்படியே திரும்பிவிடும். மெல்லிய அடாப்டரைக் கேட்டு வாங்குங்கள். ஒன்றேகால் அங்குலக் குழாய்க்குள்ளேயே நுழையும் வானியல் கேமராக்களில் இந்தப் பிரச்சினை எழுவதே அரிது. காட்சிப் பரப்பு மட்டும் சிறியது.

என் தீர்ப்பு இது: கையில் இருக்கும் கருவிக்கு முதலில் பார்லோ, அடுத்து மெல்லிய அடாப்டர், ஆடியில் கைவைப்பது கடைசி. புதிதாகப் படமெடுக்கவே வாங்குகிறீர்கள் என்றால் ஸ்கை-வாட்சர் 130பி-டிஎஸ் போல, கேமராவுக்கென்றே குவியத்தை வெளியே கொண்டுவந்த கருவியைத் தேர்ந்தெடுங்கள்.